வலது பக்கத்து மிருதங்கம்

சித்தெ கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். கத்திச் சொல்லுகிற சங்கதியில்லை இது. ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் ஒரு மனுசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். அந்த மனுசன் நான். சிங்காநல்லூரில் எங்கள் லைன் வீட்டு முன்னறை. மேசைமேல் கோகிலவாணி டீச்சருடைய ரிக்கார்டு பிளேயர். டீச்சர் வீட்டுக்காரர் போன தை மாசம் தவறிப்போனார், அவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்த பெட்டி. பழைய ஊசி தேய்ந்து சீறிக்கொண்டு கிடந்தது. வெளிநாட்டில் இருக்கிற மகள் புதுசு ஒன்று வாங்கி அனுப்பினாள். மாட்டிக் கொடுங்க என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். மாட்டியாகிவிட்டது. இப்போது தட்டு சுற்றுகிறது. ஊசி இறங்கியிருக்கிறது. என் தலையில் ஹெட்போன். நடுவில் குரல், இடது பக்கம் பிடில், வலது பக்கம் மிருதங்கம் என்று பிரித்துப் பிடித்திருக்கிற கச்சேரித் தட்டு. குரல் வருகிறது. பிடில் வருகிறது. மிருதங்கம் வரவில்லை.

வரவில்லை என்றும் சொல்ல முடியாது. மூன்றாவது வீட்டில் யாரோ மாவு இடிக்கிற மாதிரி, தொம், தொம் என்று எங்கேயோ கிடக்கிறது. பாடுகிறவரும் நடுவில் இல்லை. இடது பக்கமாய்ச் சாய்ந்து பிடில்காரர் மடியில் உட்கார்ந்துகொண்டு பாடுகிறார். சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. பயம் வரவேண்டிய இடம், அதுவும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் மருந்து போடுவார்களே, அந்த மாதிரி ஒரு மரப்பு, தாடையில் ஆரம்பித்து உள்ளே எவ்வளவு தூரம் போகிறதென்று தெரியவில்லை. ஒயர் கழன்றிருக்கும். அதுதான். ஊசியைப் பிடித்திருக்கிற கார்ட்ரிட்ஜுக்குப் பின்னால் நாலு முள், நாலு ஒயர், ஒவ்வொன்றும் தலைமுடியை விடச் சித்தெ கனம். வெள்ளையும் நீலமும் இடது. சிவப்பும் பச்சையும் வலது. சிவப்பு கழன்றால் வலது பக்கம் செத்துப்போகும். தட்டை நிறுத்தினேன். இடுக்கியால் சிவப்பைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருக்கிறது. பச்சையைத் தொட்டேன். இறுக்கம். நான் மாட்டினது எப்படிக் கழலும். கழன்றிருக்கலாம். கழன்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருதடவை உருவி மறுபடி மாட்டினேன். ஊசியை இறக்கினேன். குரல், பிடில், மூன்றாவது வீட்டு மாவு.

எடை சரியில்லையோ என்னவோ. ஊசி தட்டின்மேல் உட்காருகிற எடை ரெண்டு கிராமுக்கும் சித்தெ கம்மியாக இருக்கணும். அதிகம் போனால் தட்டைத் தின்னும், குறைந்தால் குதித்துக்கொண்டு இன்னும் மோசமாய்த் தின்னும், நெம்பப் பேருக்கு இது தெரியாது, லேசாக உட்கார்ந்தால் தட்டுக்கு நல்லதென்று நினைக்கிறார்கள். பின்பக்கத்து எடைக்குண்டைத் திருகித் திருகி, ஊசியைத் தாங்குகிற கையை அந்தரத்தில் நிறுத்தணும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மூச்சு விட்டால் ஆடும். அப்படி நிற்கும்போது அதற்கு எடையே கிடையாது, ஒரு பொருளுக்கு எடை இல்லாத நிமிசம் அதுதான், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தேன். பொறகு எண் போட்ட வளையத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ரெண்டுக்குப் பக்கம் திருப்பினேன். காலையிலேயே செய்ததுதான். சரியாகத்தான் இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நிற்கிறது. தட்டு சுற்றும்போது கை உள்பக்கம் இழுபடும், அதைப் பிடித்துவைக்க ஒரு சின்னத் திருகு, அது கூடக்குறைய இருந்தால் ஒரு பக்கம் கரகரக்கும். கரகரப்பு இல்லை. கரகரப்பு இருந்தால் திருகலாம். ஊசி நுனியில் பஞ்சு மாதிரி தூசி சுற்றியிருக்கும் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மழைத்துளி மாதிரி சுத்தமாக இருக்கிறது. இருந்தாலும் பிரஷ்ஷால் துடைத்தேன், பின்னாலிருந்து முன்னால், எப்போதும் பின்னாலிருந்து முன்னால், ஒரே பக்கமாய். மறுபடி துடைத்தேன். இதெல்லாம் வேண்டியதில்லை. ஹெட்போனைக் கழற்றி, இந்தக் காதில் இருக்கிறதை அந்தக் காதில் திருப்பிப் போட்டால் போதும். கண் சிமிட்டுகிற நேரம். மிருதங்கம் இடது காதுக்கு வந்து நன்றாகக் கேட்டதென்றால் ஊசியிலும் ஒயரிலும் குற்றமில்லை. குற்றம் வேறு இடத்தில். அந்த வேறு இடம் என் மண்டைக்கு வலது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண் சிமிட்டுகிற நேரம். ஹெட்போனில் ஒரு பக்கம் இடது என்றும் இன்னொரு பக்கம் வலது என்றும் போட்டிருக்கிறான். போட்டிருக்கிற பிரகாரம்தானே மாட்டணும். மாற்றி மாட்டுவது முறையா. நான் முறையாக வேலை செய்கிறவன்.

நான் வேலை பார்த்த பஞ்சு மில்லில் எனக்குக் காது என்றே பேர். சென்னியப்பன் என்று கூப்பிட்டால் யாருக்கும் தெரியாது, காது எங்கேடா, காதைக் கூட்டிட்டு வா என்றால்தான் தெரியும். நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது, அதற்குள் நடந்துபோய் இந்தக் கதிரில் பேரிங் போகப் போகுது, நாளைக்குப் பொழுதோட தாங்காது என்று சொல்லுவேன். சூப்பர்வைசர் சிரிப்பார். மறுநாள் சிரிக்க மாட்டார். அந்தக் காது. முப்பத்தோரு வருசம் அந்தச் சத்தத்தில் நின்ற காது. நிற்க வைத்தால் தேயாதா, ஊசி தேய்கிறது, வைர ஊசியே தேய்கிறது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம், அப்படியானால் எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கணுமே. கடையில் பேசுகிறவர்கள் பேசுவது தெரிகிறது. என் வீட்டுக்காரி தெய்வானை பேசுவது தெரிகிறது. பால்காரன் பேசுவது தெரிகிறது. தெரிகிறது. கேட்கிறதா. இங்கேதான் சிக்கிக்கொண்டேன். மில்லில் நாங்கள் யாரும் காதால் பேச்சுக் கேட்டதில்லை. உதட்டைப் பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசத்தில் எல்லோருக்கும் வந்துவிடும். நாற்பதடி தள்ளி நின்று ஒருத்தன் டீக்குடிக்கப் போலாமா என்று வாயசைத்தால் நீ போ, நான் வர்றேன் என்று இங்கிருந்து வாயசைப்போம், தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வராது. தெய்வானை அதே மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங்கில் நின்றவள். அவள் என்னிடம் முதன்முதலாகச் சொன்ன பேச்சே சத்தமில்லாத பேச்சு. உங்க சட்டையில கிரீசுங்க. இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அன்றைக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நாற்பத்திரண்டு வருசமாகிறது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான், முகத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். முகத்தைப் பார்க்காமல் அவள் பேசி நான் கடைசியாகக் கேட்டது எப்போது. தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. எந்த வருசம் கேட்பது நின்று பார்ப்பது மட்டும் மிச்சமாச்சு என்று யாரைக் கேட்க.

தட்டின் முதல் பக்கம் முடிந்து ஊசி நடுவில் போய் டக், டக் என்று தட்டிக்கொண்டிருக்கிறது. இடது காதில் டக். தூக்கி வைத்தேன். மறுபடி முதலிலிருந்து.

நாச்சிமுத்தண்ணன் இப்படித்தான் ஒரு நாள் கேட்கவில்லை என்று சொன்னார். என் கூடப் பிறந்த அண்ணன், எனக்கு முன்னாலேயே மில்லில் சேர்ந்தவர், தறிக்கட்டில் இருந்தார், அங்கே சத்தம் இன்னும் மோசம். அறுபது வயசுக்கு மேல் ரெண்டு காதும் போய்விட்டது. போனதும் முதலில் எல்லோரும் கத்தினார்கள். அப்புறம் கத்துவதை விட்டார்கள். அப்புறம் அவர் முன்னாலேயே பேச ஆரம்பித்தார்கள். நாற்காலி முன்னால் பேசுகிற மாதிரி. அவர் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்க ஒறம்பரை சனமெல்லாம் கூடியிருந்த அன்றைக்கு, அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா என்று யாரோ கேட்டார்கள். நான்தான் சொன்னேன். அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, அவர் முகத்துக்கு நேரே, "இவருகிட்டக் கேட்டு என்னத்துக்கு ஆகுது, கேட்டாலும் வெளங்காது, வெளங்குனாலும் மறந்துருவாரு, நீங்க முடிங்க" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரித்துவிட்டு, "சென்னி, ஒரு சொம்புத் தண்ணி கொண்டா சாமி" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார். அவ்வளவுதான். அவர் போய் ரெண்டு வருசமாகிறது. போய்ப் பதினாறாம் நாள், பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான், எதிர் வரிசையில் ஒருத்தர் ரசம் வேணும் என்று வாயசைப்பதைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது. அண்ணனுக்கு உதடு தெரியும். என்னை விட நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். காது போனவரிடம் உதடு இருக்கிறதென்பதை மில்லில் நின்ற நானே மறந்துவிட்டேன். வேறு யார் மறந்தாலும் நான் மறந்திருக்கக் கூடாது. சொல்லச் சொல்லப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு எழுத்தாக. என்-னத்-துக்-கு ஆ-கு-து. அதற்கப்புறம் தண்ணி கேட்டார். தாகத்துக்குக் கேட்டாரா, என்னை அங்கிருந்து எழுப்புவதற்குக் கேட்டாரா.

காது போவதில் எனக்கு ஒன்றுமில்லை. நிஜமாகவே சொல்கிறேன். முப்பத்தோரு வருசம் அந்த இரைச்சலைக் கேட்டவனுக்கு அமைதி கசக்காது. நாற்காலி ஆவதுதான். என் முன்னாலேயே, எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லி, அதை நான் பார்த்துக்கொண்டு சிரிக்கணும். அந்த ஒருத்தி யாரென்றும் தெரியும். அவளைத் தவிர என் முன்னால் பேச இந்த வீட்டில் வேறு யார்.

அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளிக்கிற வாசம் வருகிறது. வாசத்துக்கு இடது வலது கிடையாது. நிமிர்ந்தால் தெய்வானை சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. நான் நிமிர்ந்த பொறகுதான் அவள் வாய் அசைகிறது. ஹெட்போனை இறக்கினேன்.

"ஏனுங்க, அந்தப் பொட்டிய இன்னும் எத்தனை தடவ தொடைப்பீங்க? பச்சக் கொழந்தைக்குக்கூட இத்தனை தடவ நீங்க மூக்குத் தொடைச்சதில்ல."

"ஊசி சரியில்ல, அம்மிணி."

"காலைல மாட்டும்போது அப்பிடி மின்னுது இப்பிடி மின்னுதுன்னீங்க?"

"மின்னுனா? ஒரு பக்கம் பேச மாட்டேங்குது. அனுப்பும்போதே கோளாறா அனுப்பியிருக்கானுங்க. திருப்பித்தான் அனுப்போணும்."

சொல்லிவிட்டேன். சொன்னதும் அது நிஜம் மாதிரி இருந்தது. திருப்பி அனுப்பினால் ஒரு மாசம். டீச்சர் மகளுக்கு எழுதி, அவள் கடைக்காரனுக்கு எழுதி. ஒரு மாசத்துக்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம், அடைத்திருக்கிற அழுக்கு தானாகவே வெளியே வரலாம், மிருதங்கம் திரும்பி வரலாம். தெய்வானை என்னையே பார்த்தாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழுந்தது. அவள் குனியவில்லை.

"பன்னெண்டு மணிக்கு டீச்சர் வந்துருவாங்களே."

"எதுக்கு? நாளைக்குத்தான எடுத்துக்கறேன்னாங்க."

"இங்கயே உக்காந்து ஒரு பக்கம் கேட்டுட்டுப் போறேன்னு நேத்து உங்ககிட்டத்தான கேட்டாங்க. வீட்டுல தனியா முதத் தடவ கேக்கறதுக்கு எப்பிடியோ இருக்குதுன்னு. நீங்கதான் அதுக்கென்னுங்க, தாராளமா வாங்கன்னீங்க."

நேற்று. டீச்சர் வாசலில் நின்றார்கள். முன்பல் ரெண்டு எடுத்திருக்கிறார்கள், புதுசு இன்னும் கட்டவில்லை, அதனால் பேசும்போதெல்லாம் சேலை முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். முந்தானைக்குப் பின்னால் என்னவோ அசைந்தது. கண்ணில் தண்ணி நின்றது. என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் தலையாட்டி, அதுக்கென்னுங்க என்றேன். ராத்திரியெல்லாம் எதற்குச் சரி சொன்னோம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. இதற்குத்தானா. ஒரு வாயை ஒரு முழத் துணி மூடினதும் எனக்கு அந்த ஆளே இல்லாமல் போய்விட்டார்கள். "ஆமாமா, சொன்னேன்" என்றேன். தெய்வானை திரும்பினாள். உள்ளே போகிறாள். போகும்போது முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ சொல்லுகிறாளா, சும்மா போகிறாளா. அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் சொல்லுகிறதெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது. இத்தனை நாள் எவ்வளவு சொன்னாளோ.

கையில் ஹெட்போன் இருக்கிறது. கண் சிமிட்டுகிற நேரம். ரெண்டு கையாலும் பிடித்துப் பாதி திருப்பினேன். பிறகு அதே கையால் திரும்பின பாதியைத் திரும்பக் கொண்டுவந்து பழையபடியே மாட்டிக்கொண்டேன். விரல் என்னுடையது மாதிரி இல்லை. யாரோ என் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், நான் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்துவிட்டது என்றும் சொல்லலாம். தெரிந்ததைச் சோதனை போட்டுப் பார்க்காமல் இருக்கிற வரைக்கும் அது தெரியாததுதான். பத்து நிமிசம் இருக்கிறது. எடையை மறுபடி பார்க்கலாம். ஊசிக் கையை அந்தரத்தில் நிறுத்தினேன். ஏறவில்லை. இறங்கவில்லை. அண்ணன் சிரித்தது ஞாபகம் வந்தது. சிரிக்கும்போது கண் சிரிக்கவில்லை என்று இப்போது சேர்த்துக்கொள்கிறேனோ என்னவோ, அன்றைக்கு நான் அவர் கண்ணையே பார்க்கவில்லையே.

வாசலில் நிழல் விழுந்தது. கோகிலவாணி டீச்சர். செருப்பைக் கழற்றுகிறார்கள். முந்தானை வாய்க்குப் போய்விட்டது. அந்தக் கண்ணை வைத்துத்தான் சொல்லணும், சின்னப் பிள்ளை ஊசி போட்டுக்கொள்ள வந்து நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். துணிக்குப் பின்னால் என்னவோ கேட்டார்கள். ஆயிடுச்சுங்களாண்ணா என்றுதான் கேட்டிருக்கணும், இந்த நேரத்துக்கு வேறென்ன கேட்பார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுங்க டீச்சர், இந்த ஊசில ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

"சித்தெ இருங்க மாமா" என்று தெய்வானை வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே என் தலையிலிருந்த ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். கொண்டைமேல் அது கோணலாக உட்கார்ந்தது. "நீங்களே கேட்டுட்டிருந்தா ஆச்சா? ரெண்டு நாளா இந்த மேசையத் தொடைக்கவே உடல. நானும் ஒருக்காக் கேக்கறேன்" என்றாள். ஊசியை இறக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். இறக்கினேன். கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் ரெண்டு பேரும், நானும் டீச்சரும், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அந்த அறையில் அப்போது ஒரு சத்தமும் இல்லை. அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் மேசை விளிம்பில் தட்ட ஆரம்பித்தது. முதலில் ஒவ்வொன்றாக. பிறகு கொத்தாக. பாட்டுக்குத் தட்டுகிற தட்டு இல்லை அது, எனக்குத் தெரியும், வாசிப்புக்குத் தட்டுகிற தட்டு. மிருதங்கம் அங்கே, அவள் விரலில், ஒரு அடி பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தாள். டீச்சரிடம்தான் பேசினாள், ஆனால் முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு பேசினாள். மில்லில் மிசின் எல்லாம் ஓடும்போது பேசுவோமே, அந்த மாதிரி, ஒவ்வொரு வார்த்தையும் உதட்டில் நின்று இறங்கி வந்தது. "ரெண்டு பக்கமும் நல்லாக் கேக்குதுங்க டீச்சர். மிருதங்கம் காதுக்குள்ள ஒக்காந்து வாசிக்கிறாப்பல இருக்குது. ஊசி மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. நெம்ப நல்லா மாட்டியிருக்கறாரு."

அவள் சொன்னது டீச்சருக்கு ஒரு சேதி, எனக்கு ஒரு சேதி. ரெண்டும் ஒரே பேச்சு. டீச்சருக்குத் தன் பங்கு மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. முந்தானைக்கு மேல் அவர்கள் கண் மலர்ந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விழுந்துவிடும், விழுந்துவிடும் என்று நினைத்த ஒரு சாமான் எப்போதோ விழுந்து கிடந்திருக்கிறது, சத்தம்தான் எனக்கு வரவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் இவளுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். டீச்சர் இருக்கிறார்களே. தெய்வானை என் வாயைப் பார்த்தாள். லேசாகத் தலையை மட்டும் ஆட்டினாள், இப்ப வேண்டாம், பொறகு என்று. "நல்லாருக்குதுங்க டீச்சர், உக்காந்து கேளுங்க" என்று நான் சொன்னேன். என் குரல் இடது பக்கத்திலிருந்து மட்டும் வந்தது.

டீச்சர் ஹெட்போனை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு வலது கைப்பக்கம், ஜன்னலோரம் கிடந்த நாற்காலியை இழுத்தார்கள். "அங்க வேண்டாமுங்க டீச்சர், மூஞ்சிக்கு நேரா வெயிலடிக்கும்" என்று தெய்வானை அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்து, இடது பக்கம், என் முழங்கை இடிக்கிற மாதிரி கிட்டப் போட்டாள். டீச்சர் உட்கார்ந்தார்கள். துணிக்குள்ளிருந்து, "இந்தப் பாட்டுத்தானுங்கண்ணா, காலைல இதுதான் வெப்பாரு" என்றார்கள். கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அது வடக்குப் பார்த்த ஜன்னல், ஒரு நாளும் அதில் வெயில் வந்ததில்லை. தெய்வானை போய் அதன் திரையை இழுத்து மூடினாள்.